கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லாமே ‘ஆர்’ என்று வந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி இது: மண்டபம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 56 வயது, சுகர் உண்டு, பாசி எடுக்கப் போகிறவர். கடலடிப் பாறைப் பாரில் கால் கிழிந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும் ஆறாமல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐசியூ வரை போய், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். யூரின் டியூப் இன்னும் எடுக்கவில்லை. யூரின் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்துக்கு மட்டும் ‘ஐ’, மற்ற மருந்துக்கெல்லாம் ‘ஆர்’. புண்ணில் அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு கிருமி, அதற்கும் ஏறக்குறைய அதே கதை. ‘உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, இனிமே எதுவும் கேட்காது’ என்கிறார்கள். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? இது இறால் பண்ணைத் தண்ணீரால் வந்ததா? அம்மா மறுபடி கடலில் இறங்கலாமா?

தங்கச்சி, கேள்விக்கு நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தாளில் உள்ள அத்தனை ‘ஆர்’களையும் விட எனக்கு இந்த வரிதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் அந்த ‘உடம்பு பழகிப்போச்சு’ பேச்சை விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் அம்மாவின் உடம்பை யாரும் சோதிக்கவில்லை. சாம்பிளில் இருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்து, எது அதை வளரவிடாமல் தடுக்கிறது என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். மருந்தை எதிர்த்து நிற்பது அந்தக் கிருமி. நாளைக்கே அம்மாவுக்கு வேறொரு கிருமியால் நிமோனியா வந்தால், சாதாரண மருந்துக்கே அது அடங்கிப்போகலாம்.

அடுத்தது, சாம்பிளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லாரும் நேராக மருந்துப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். மேலே சிறிய எழுத்தில் ‘கதீட்டர் யூரின்’, ‘புண் ஸ்வாப்’ என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. யூரின் டியூப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீத வாய்ப்பு வீதம் சிறுநீரில் கிருமி சேர்ந்துகொண்டே போகும். ஒரு மாதம் டியூப் இருந்தால் அநேகமாக எல்லாருடைய சிறுநீரிலும் ஏதாவது ஒன்று வளரும். கிருமி அங்கே குடியிருக்கிறது என்பதற்கும், அது சதைக்குள் புகுந்து நோய் உண்டாக்குகிறது என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, புதிதாக வந்த குழப்பம் எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிற நெறி. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும்தான் முக்கியமான விதிவிலக்கு. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்த ஊசி போடணும்’ என்பது இல்லை. ‘இந்த டியூப் இன்னும் எதுக்கு’ என்பதுதான். ஐசியூவில் மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று அளப்பதற்காகப் போட்டிருப்பார்கள். வார்டுக்கு வந்தபிறகு அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. வீட்டில் நமக்கும் பாத்ரூம் கூட்டிப்போகிற வேலை மிச்சம் என்று அப்படியே விட்டுவிடுவோம். டியூபின் உள்சுவரில் கிருமிகள் கோழை மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஊசியாக இருந்தாலும் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது. டியூபை எடுத்துவிட்டால் பலருக்குக் கிருமி தானாகவே கழிந்துவிடும். காரணம் இருந்து டியூப் தேவைப்பட்டால், அடுத்த கல்ச்சருக்கு முன்னால் புது டியூப் மாற்றி, அதிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். பையில் தேங்கியதை எடுத்து அனுப்பிவிட்டு அதன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமே இல்லை.

புண்ணும் அப்படித்தான். மேலாகப் பஞ்சால் ஒற்றி எடுத்த ஸ்வாபில் புண்ணின் மேல்பரப்பில் கிடப்பதெல்லாம் வளரும். அசினெட்டோபாக்டர் கட்டில் கம்பி, மானிட்டர் ஒயர் போன்ற காய்ந்த பரப்பிலேயே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிற கிருமி. ஐசியூவில் படுத்திருந்தவரின் புண்ணில் அது இருப்பது அதிசயமில்லை. புண்ணைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்தபின் அடியிலிருந்து எடுக்கிற சதைத் துணுக்கின் கல்ச்சரைத்தான் நம்பலாம். சுற்றிலும் சிவப்பு, சூடு, வீக்கம், சீழ், வலி இல்லாத சுகர் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கால் பிரயோசனம் இல்லை. செத்த சதையை அகற்றுவது, பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது, காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது, சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது, இவைதான் அதை ஆற்றும்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். ‘எஸ்’ என்றால் வழக்கமான அளவில் மருந்து கேட்கும். ‘ஆர்’ என்றால் கேட்காது. ‘ஐ’ என்றால் இடைநிலை. கோலிஸ்டினுக்கு ‘ஐ’ என்று பார்த்ததும் கடைசி மருந்தும் பாதி போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். நம் ஊர் ஆய்வகங்கள் பலவும் பின்பற்றுகிற அமெரிக்க அளவுகோலில் 2020 முதல் கோலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற பிரிவே கிடையாது. வரக்கூடிய நல்ல விடையே ‘ஐ’தான். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறுவதும் கஷ்டம், அதனால் ‘கேட்கும்’ என்று தைரியமாக எழுத வேண்டாம் என்று நீக்கிவிட்டார்கள். இன்னொன்று, பட்டியலில் உள்ள சில ‘ஆர்’கள் பிறவியிலேயே உள்ளவை. கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கலங்க வேண்டாம்.

பயப்பட வேண்டிய ‘ஆர்’ மெரோபெனம், இமிபெனம் வரிசைக்கு நேரே இருப்பது. இவை கார்பாபெனம் குடும்பம், ஆஸ்பத்திரியில் பெரிய தொற்றுக்கு நம்பி எடுக்கிற ஊசிகள். அவற்றையே உடைக்கிற நொதி கிருமிக்குக் கிடைத்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். அப்போதும் வழி முழுக்க அடைபட்டுவிடாது. ஃபாஸ்ஃபோமைசின் சிறுநீரில் நிறையச் சேர்வதால் சிறுநீர்த் தொற்றுக்குச் சில சமயம் கைகொடுக்கும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து ஓஎக்ஸ்ஏ-48 வகை நொதி உள்ள கிருமியை அடக்கும். என்டிஎம் வகை நொதியாக இருந்தால் அது தனியாகப் போதாது, அதோடு அஸ்ட்ரியோனாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் மருந்து இருக்கிறது. எந்த நொதி என்று பார்க்கும் சோதனையும் பெரிய ஆய்வகங்களில் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இன்றைய நிலையில் இவை எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரில் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு.

என்டிஎம் என்றதும் அதன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் மருந்து கேட்காத கிளெப்சியெல்லா கிடைத்தது. அதிலிருந்த புதிய நொதிக்கு டெல்லியின் பெயரையே சூட்டினார்கள்; என்டிஎம்மில் உள்ள ‘என்டி’ நியூ டெல்லிதான். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. சென்னையில் மட்டும் 44 சாம்பிள்களில் இந்த நொதி உள்ள கிருமி இருந்தது. நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள், மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கச் சதி என்று பெரிய கூச்சல் எழுந்தது. பெயர் பற்றிய கோபம் நியாயமாகவே இருக்கட்டும். அந்தக் கூச்சலில் கிருமி பற்றிய பேச்சு அடிபட்டுப்போனது என்பது என் வருத்தம். ஆனாலும் 2012இல் சென்னையில் மருத்துவ சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க ஒரு பிரகடனம் போட்டன. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை என்ற மருந்து விற்பனை விதி நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம் மாதிரி மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்ற பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பக்கத்து மெடிக்கல்களில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எதிர்ப்பு ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? கிருமி தன் பிள்ளைகளுக்கு மட்டும் அதைக் கொடுப்பதில்லை. நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கும். ஒரு படகு மீன்பாடு கண்ட இடத்தை வாக்கிடாக்கியில் சொன்னால் வேறு ஊர்ப் படகும் கேட்டுக்கொண்டு வருகிறதே, அந்த மாதிரி கிளெப்சியெல்லாவிடம் உள்ள வளையம் குடலில் பக்கத்தில் இருக்கிற ஈகோலை என்ற வேறு கிருமிக்கும் போய்விடும். உறவுமுறை எதுவும் தேவையில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குடலில் உள்ள சாதுவான கிருமிகள் செத்து இடம் காலியாகும். வளையம் வைத்திருப்பவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஐசியூ என்றாலே டியூப், குழாய், ஊசி, பெரிய ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கிற இடம். பரவுவது கைகள் வழியாக. நர்ஸ், டாக்டர், பிசியோதெரபி செய்கிறவர், துப்புரவுப் பணியாளர் என்று எல்லாருடைய கையும் இதில் சேரும். ஆனால் நம் ஊரில் யாரும் பேசாத ஒரு கை உண்டு: துணைக்கு இருக்கிறவர் கை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ப் படுக்கிற குடும்பங்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரர்தான் சொந்தம். அவர் மகன் டீ வாங்கப் போனால் நாம் அவரைத் திருப்பிப் படுக்க வைப்போம், யூரின் பையைக் காலி செய்து கொடுப்போம், அதே கையோடு நம் அம்மாவுக்கு இட்லி பிட்டுக் கொடுப்போம். மனிதத்தன்மை உள்ள பழக்கம், விடச் சொல்ல மாட்டேன். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கையில் சானிடைசர் தேய்க்க வேண்டும் என்று துணைக்கு இருப்பவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் குறை. வார்டு நர்ஸுக்கு எத்தனையோ பயிற்சி நடத்துகிறோம். ராத்திரி முழுக்கக் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற அக்காவுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குவதில்லை.

இறால் பண்ணை பற்றிக் கேட்டீர்கள். பண்ணையில் ஆன்டிபயாடிக் கொட்டுவது உண்மையான பிரச்சினைதான். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளுக்கு அங்கே தடை உண்டு. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். ஆனால் ஐசியூவில் இருந்து வந்தவரின் டியூபில் உள்ள கிளெப்சியெல்லாவுக்கும் பண்ணைக்கும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை.

கடல் காயத்துக்கு வருகிறேன், இது நம் கரைக்கே உரிய விஷயம். பாரில் கிழித்தது, திருக்கை முள், கெளுத்தி முள், நண்டு கடித்தது எதுவானாலும் உப்புத்தண்ணீர்க் கிருமி உள்ளே போயிருக்கும். அதற்கு மெடிக்கலில் கொடுக்கிற நாலு அசித்ரோமைசின் பெரும்பாலும் பொருந்தாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு, அதனால்தான் மாத்திரை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு மாத்திரை காயத்தையும் ஆற்றாமல், பிறகு எடுக்கிற கல்ச்சரையும் குழப்பிவிட்டு, குடலில் எதிர்ப்புக் கிருமிக்கு இடமும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி நிலவரத்தைக் கேளுங்கள். திருக்கை, கெளுத்தி முள் விஷ வலிக்குப் பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் காலை வைத்திருப்பது நல்ல வைத்தியம். ஆனால் சுகரால் கால் மரத்துப்போனவர்கள் சூடு தெரியாமல் வெந்துபோவார்கள், வேறொருவர் கை வைத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சில மணி நேரத்திலேயே சிவப்பு ஏறி, கொப்புளம் கிளம்பி, காயத்தின் அளவுக்கு மீறிய வலி இருந்தால் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமியாக இருக்கலாம். குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும் சுகர்க்காரர்களுக்கும் அது ஓரிரு நாளில் உயிரை வாங்கலாம். டாக்டரிடம் ‘கடலில் பட்ட காயம்’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் டாக்ஸிசைக்ளினோடு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசி சேர்த்து ஆரம்பிப்பார். சொல்லாவிட்டால் சாதாரணக் காயத்து மருந்துதான் கிடைக்கும்.

மீன் வெட்டுகிறவர்கள் விரலில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி இருந்தால் அது வேறு ரகம். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரினம். வழக்கமான கல்ச்சரில் வளராது, 30 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருந்தால்தான் தெரியும். அப்புறம், மழைக்காலத்தில் வயல் சேற்றில் நடந்த சுகர்க்காரருக்கு விடாத காய்ச்சலும் சீழ்க்கட்டியும் வந்து, ரிப்போர்ட்டில் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி, ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் ‘ஆர்’, ஆனால் ஆக்மென்டின் வகை ‘எஸ்’ என்று விசித்திரமாக இருந்தால், மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வருகிற மெலியாய்டோசிஸாக இருக்குமா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் உள்ள நோய்தான், பல இடங்களில் தவறிப்போகிறது. அதற்கு ஊசி மட்டும் குறைந்தது 10 முதல் 14 நாள், அதன்பின் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். நம் பேச்சுக்கு இது கொஞ்சம் வெளியே, இருந்தாலும் எல்லா ‘ஆர்’ரும் ஆஸ்பத்திரிக் கிருமி ஆகாது என்பதற்காகச் சொன்னேன்.

‘கோர்ஸை முடித்தே ஆகணும்’ என்று எல்லாரும் சொல்கிறோம். நானும் அந்தக் காலத்தில் படித்தவன்தான். இப்போது பல தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று தெளிவாகியிருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ‘எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்’ என்று கேளுங்கள். மிச்சம் இருக்கிற மாத்திரையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். காசநோய் மாத்திரைக்கு இந்தப் பேச்சு பொருந்தாது, அதை முழுசாகச் சாப்பிட வேண்டும்.

வீட்டில் தனித் தட்டு வேண்டாம், தனி அறை வேண்டாம். குழந்தை பாட்டி மடியில் தாராளமாக உட்காரலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு இந்தக் கிருமி குடலில் போய் ஒட்டினாலும் பெரும்பாலும் நோய் எதுவும் வராது, நாளடைவில் போய்விடும். டியூபையும் புண்ணில் போட்டிருக்கிற கட்டையும் மட்டும் தொடவிடாதீர்கள். யூரின் பையைக் கக்கூஸில் ஊற்றிக் காலி செய்யுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற ஊர்களில் நாளுக்கு இருபது தடவை கை கழுவு என்று சொல்வது அநியாயம். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் சானிடைசர் இந்தக் கிருமிகளுக்குப் போதும். தண்ணீரைக் கை அழுக்கானபோதும் சமையலுக்கு முன்னும் செலவழியுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டு மாற்றும்போது கையுறை போடுங்கள். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும், வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா!

குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம், சிலருக்கு ஒரு வருஷம் வரைகூட. அதை ஒழிக்க மருந்து கேட்டு அலையாதீர்கள்; தேவையில்லாத ஆன்டிபயாடிக் இல்லாமல் இருந்தால் தானாகக் குறையும். ஆனால் அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போய், நுழைந்ததும் நர்ஸிடம் காட்டுங்கள். மறைத்தால் நல்ல கட்டில் கிடைக்கும் என்று சிலர் நினைப்பார்கள். காட்டினால்தான் பக்கத்துக் கட்டில்காரரும் பிழைப்பார், உங்கள் அம்மாவுக்கும் முதல் மணி நேரத்திலேயே சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, மூச்சு வேகமாவது, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். ராமநாதபுரத்தில் 2022இலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை இருந்தாக வேண்டும். முதல் ஊசிக்கு முன்னால் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக ஊசியைத் தாமதப்படுத்த வேண்டாம், ரத்தம் எடுக்க ஐந்து நிமிஷம்தான்.

கடலுக்குப் போவது பற்றி. புண் முழுசாக மூடி, புதுத் தோல் கெட்டியாகும் வரை வேண்டாம். அடுத்த அமாவாசைக்குப் பாசி நன்றாக இருக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் வேண்டாம். டியூப் இருக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். அதன்பின் போனால் விரலுக்குத் துணி சுற்றுவதை மட்டும் நம்பாமல், அடி தடித்த, குதிகாலை மூடுகிற ஷூ போட்டுக்கொண்டு இறங்கட்டும். ரப்பர் செருப்பு பாரில் கழன்றுவிடும். ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். சுகரால் மரத்த காலில் கிழிந்தது அவருக்கே தெரியாமல் போகலாம்.